மழைக்கு நடுவே விளக்கு கட்டுவது

அப்பா கடலூரில் மைக் செட், லைட்டிங் செட் வாடகைக்கு விடும் தொழில் செய்தார். மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன அறைதான் கடை. சவுக்குக் கம்பங்கள் சுவரோரம் சாத்தியிருக்கும். வயர்ச் சுருள்கள் ஆணியில் தொங்கும். பல்புகளுக்கு வைக்கோல் பரப்பிய மரப்பெட்டி. தேர்த் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம், தர்காவில் சந்தனக்கூடு, கல்யாணம், மஞ்சள் நீராட்டு என்று எது வந்தாலும் அந்தக் கம்பங்கள் வண்டியேறும். மூத்த பெண்ணான நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பல்பு சோதிக்க உட்கார்ந்துவிடுவேன். இப்போது எனக்கு 54 வயது. பார்ப்பது அலுவலக வேலை. ஆனாலும் ஐப்பசி பிறந்தால் கை தானாக டெஸ்டரைத் தேடுகிறது.

எங்கள் கரையில் விளக்கு வைக்கிற மாதங்களும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற மாதங்களும் ஒன்றுதான். தீபாவளி, திருக்கார்த்திகை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாமே அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக்குள்ளும் அதன் வாலிலும் வந்து விழுகின்றன. உள்மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு மழை ஓர் இடைஞ்சல். கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு மழையைக் கணக்கில் எடுக்காமல் ஓர் அகல் கூட வைக்க முடியாது. அப்பா வேலையாட்களிடம் சொல்வது ஒரே ஒரு வார்த்தைதான்: “மழை பெய்துகொண்டிருப்பதாக நினைத்துக் கட்டுங்கள்.” வானம் வெளுத்திருக்கிற நாளிலும் அதையே சொல்வார். இருபது வருடங்களாக என் வீட்டிலும் தெருவிலும் விளக்கு கட்டி, ஒவ்வொரு டிசம்பரிலும் புதுச்சேரிக்குப் போய் விளக்கு பார்த்து நான் தெரிந்துகொண்டவை எல்லாம் அந்த வார்த்தைக்குள் அடங்குபவை. அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் கார்த்திகை. வில்லியனூர்ப் பக்கம் சுடுமண் வேலை செய்யும் குயவர்கள் இருக்கிறார்கள். வில்லியனூர் சுடுமண் பொருட்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நான் வருடம் ஒரு டஜன் அகலாவது அங்கிருந்து வாங்கிவருவேன். புது அகலை அப்படியே எண்ணெய் ஊற்றி ஏற்றினால் மண் எண்ணெயைக் குடித்துவிடும். வாசல் முழுக்கப் பிசுக்குப் பிடிக்கும், விளக்கும் சீக்கிரம் அணையும். முதல் நாள் காலையிலேயே தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊறவிட்டு, நிழலில் உலர்த்திவிட வேண்டும். மழைக்காலத்தில் நிழலில் உலர ஒரு முழு நாள் ஆகும். அதனால்தான் முதல் நாள். திரியையும் அதே போல் முன்கூட்டியே எண்ணெயில் தோய்த்து மூடி வைத்துவிடுவேன். ஈரக்காற்றில் திறந்து கிடந்த பஞ்சுத் திரி படபடவென்று பொரியுமே தவிர எரியாது. நுனியில் துளி கற்பூரப் பொடி தொட்டுவைத்தால் ஒரே குச்சியில் பற்றிக்கொள்ளும்.

காற்றுக்கு வழி மாடக்குழி. பழைய வீடுகளின் வாசலில் இரண்டு பக்கமும் மாடக்குழி வைத்தவர்கள் இந்த ஊர்க் காற்றை அறிந்தவர்கள். இப்போது கட்டுகிற வீடுகளில் அது இல்லை. நான் சிறிய மண் தொட்டிகளைப் பக்கவாட்டில் சாய்த்து, வாய் வீட்டைப் பார்க்கும்படி வைத்து, உள்ளே அகலை வைக்கிறேன். கடற்காற்று முதுகில் மோதிப் போய்விடுகிறது. தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சுடர் தெரியாது, சுவரில் விழும் வெளிச்சம்தான் தெரியும். அது இன்னும் அழகாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

மாவலியைப் பற்றிச் சொல்லாமல் கார்த்திகையை விட்டு நகர மனம் வரவில்லை. ஆண்பனையின் காய்ந்த பூவைப் பொறுக்கி வந்து, குழியில் இட்டுக் கொளுத்தி, கனன்றதும் மண்ணால் மூடிக் கரியாக்குவோம். அந்தக் கரியை அரைத்து, பழைய பருத்தித் துணியில் நீளமாகச் சுருட்டி இறுக்கிக் கட்டி, பிளந்த பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துப் பிணைத்து, கயிறு கட்டித் தலைக்கு மேலே சுழற்றினால் பொறி வட்டமாகக் கொட்டும். “மாவலியோ மாவலி” என்று தெரு முழுக்கப் பிள்ளைகள் கத்துவோம். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் சுற்றுகிறார்கள். பட்டாசைப் போல வெடிக்காது, நெடியும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. துணி நைலான் கலப்பாக இருக்கக் கூடாது, உருகி ஒட்டிக்கொள்ளும். கரி முழுக்க உலர்ந்திருக்க வேண்டும், ஈரக் கரி பொறி விடாது. அம்மா கரிப்பொட்டலத்தை அடுப்புக்கு மேலே பரணில் பத்து நாள் வைத்திருப்பார். அடைமழையிலும் எங்கள் மாவலி பொறி விட்டதற்கு அதுதான் காரணம்.

கார்த்திகை முடிந்ததும் எதிர்வீட்டில் மூங்கில் பிளக்கும் சத்தம் கேட்கும். அந்த வீட்டுச் சித்தி அகல் ஏற்றும் நாளில் எங்கள் வாசலுக்கு வந்து பொரி உருண்டை வாங்கிக்கொள்வார். டிசம்பர் பிறந்தால் அவர் வீட்டு நட்சத்திரத்துக்கு நாங்கள் பசை காய்ச்சிக்கொண்டு போவோம். எங்கள் வீட்டிலும் நட்சத்திரம் தொங்கியது அப்படி வந்த பழக்கம்தான். கடையில் மடித்து விற்கும் காகித நட்சத்திரம் அப்போது எங்கள் தெருவுக்கு வரவில்லை.

அதை எப்படிச் செய்வோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கைவேலை குறைந்துவருகிறது. ஒரே நீளத்தில் பத்து மூங்கில் சிம்புகள். ஐந்தைக் கொண்டு ஒரு நட்சத்திரம், மற்ற ஐந்தைக் கொண்டு இன்னொன்று. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளிலும் கட்ட வேண்டும். பிறகு நடுவில் உள்ள ஐந்து சந்திகளில் சாண் நீளக் குச்சிகளை நெம்பிச் செருகினால் வயிறு உப்பிக்கொண்டு வரும். அந்த வயிற்றுக்குள்தான் பல்பு. மேலே வண்ணத்தாள் அல்லது கண்ணாடித்தாள் ஒட்ட வேண்டும். மைதா பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. பிள்ளைகள் கைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது விஷம்.

கண்ணாடித்தாள் மழையைத் தாங்கும், வண்ணத்தாள் தாங்காது. ஆனால் வெளிச்சம் இதமாகப் பரவுவது வண்ணத்தாளில்தான். அதற்காக மேல் இரண்டு முக்கோணங்களுக்கும் தோளுக்கும் மட்டும் கண்ணாடித்தாளை மேலாக ஒட்டுகிறேன். சாரல் அடிப்பது அங்கேதான். ஹோல்டர் தலைகீழாகத் தொங்குவதால் அதற்குள் தண்ணீர் நிற்காது, ஆனால் வயர் வழியாக வழிந்து இறங்கும். ஒரு தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, மூடியில் துளையிட்டு, வயரை அதில் கோத்து, ஹோல்டருக்குக் குடைபோலக் கவிழ்த்துவிட்டால் போதும். அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பு இரவு முழுக்க எரிந்தால் தாள் கருகிவிடும். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இப்போது 3 வாட் எல்.இ.டி. பல்பே போதும். வெள்ளையை விட மஞ்சள் வெளிச்சம் வாங்குங்கள். சிவப்புத்தாளுக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. வெளிறிப்போகும்.

இனி சீரியல் செட். இதில்தான் நான் ஒரு முறை பெரும் பயத்தைக் கண்டேன்.

அப்பா காலத்துச் சீரியல் என்பது 6 வோல்ட் பல்புகள் நாற்பதை வரிசையாகக் கோத்தது. நாற்பதும் சேர்ந்தால் வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று போனால் நாற்பதும் அணையும். எது போனது என்று தேடுவது என் வேலை. சிலர் போன பல்பின் இடத்தில் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளைச் சுருட்டி அடைத்துவிடுவார்கள், சரம் எரியும். ஆனால் ஒவ்வொன்றை அடைக்கும்போதும் மீதிப் பல்புகளுக்கு வோல்ட் கூடும், அவை சூடேறி அடுத்தடுத்துப் போகும். அப்பா அதைக் கண்டால் அந்தச் சரத்தையே பிடுங்கிவிடுவார். விளக்கு ஓடுவது போலத் தெரிய வேண்டும் என்றால் மோட்டாரில் சுழலும் ஒரு மர உருளை வைத்திருந்தார். அதில் செம்புத் தகடுகளைப் படிபோல அறைந்திருக்கும். உருளை சுழலச் சுழல ஒவ்வொரு சரமாக மின்சாரம் தொட்டுப் போகும். கோயில் கோபுரத்தில் விளக்கு நீர்வீழ்ச்சி போல இறங்கியதெல்லாம் அந்த உருளை கடகடத்த வேகத்தில்தான். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

2008 டிசம்பர். நான் கடையில் வாங்கிய எல்.இ.டி. சரத்தை மொட்டைமாடிக் கைப்பிடியிலிருந்து இறக்கி, வாசல் இரும்பு கேட்டில் சுற்றிவிட்டேன். அழகாக இருந்தது. மூன்றாம் நாள் மழை. தம்பி மகன் பள்ளியிலிருந்து நனைந்து வந்து கேட்டைத் தொட்டான். அவன் போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்ததால் பிழைத்தான். கேட் கீலில் வயர் நசுங்கி, இரும்பு முழுக்க மின்சாரம் பரவியிருந்தது. அந்த நேரத்தில் விளக்கு எரியவே இல்லை. சரத்தோடு வரும் சின்னப் பெட்டியில் பொத்தானை அமுக்கி நான் அணைத்து வைத்திருந்தேன்.

அப்பாவுக்கு அப்போது 72 வயது. வந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிளக்கிலிருந்து வயரைக் குறடால் வெட்டி என் கையில் கொடுத்தார். பிறகு உட்காரவைத்துச் சொன்னார். இரண்டு முள் பிளக்கை எந்தப் பக்கமும் செருகலாம். எந்த முள்ளில் மின்சாரம் வருகிறது என்று சரத்துக்குத் தெரியாது. அந்தச் சின்னப் பெட்டி விளக்கைத்தான் அணைக்கும், வயரிலிருந்து மின்சாரத்தை எடுக்காது. ஆகவே பொத்தானை அமுக்கியது அணைத்ததாகாது, பிளக்கைப் பிடுங்கினால்தான் அணைத்தது. இதைத் தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

அந்த வாரமே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டோம். மின்சாரம் வழிதவறி மனித உடம்பு வழியாகவோ இரும்பு வழியாகவோ மண்ணுக்கு இறங்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. சாதாரண ஃபியூஸ் அந்த வேலையைச் செய்யாது. ஃபியூஸ் காப்பது வயரைத்தான், ஆளை அல்ல. மாதம் ஒரு முறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு அலங்காரத்துக்கு என்று நீங்கள் ஒரே ஒரு செலவு செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். சரம் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.

மற்றவை சிறு சிறு கைப்பழக்கங்கள். இரும்பில் எதையும் சுற்றுவதில்லை. கேட், ஜன்னல் கம்பி, தகரக் கூரை மூன்றும் விலக்கு. மூங்கில், சவுக்கு, நைலான் கயிறு மூன்றும் சரி. வயர் ஜன்னல் வழியாக உள்ளே நுழையும் முன்பு அதைக் கீழே ஒரு முழம் தொங்கவிட்டு, மறுபடி மேலே ஏற்றி நுழைக்க வேண்டும். வழிகிற மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் பிளக்கு வரை வராது. இரண்டு சரங்களை இணைக்கும் இடத்தை வெறும் டேப் சுற்றி விடுவதில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வயர் போகும் துளை கீழ்ப்பக்கம் இருக்கும்படி கட்டுகிறேன். இப்போது 12 வோல்ட்டில், 5 வோல்ட்டில் எரியும் சரங்கள் கிடைக்கின்றன. பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் அவற்றை மட்டும்தான். அடாப்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

தெருவுக்குப் பொதுவாகக் கட்டும்போது மின்கம்பத்தில் கொக்கி போடுவதற்கு எப்போதும் ஒரு கை துடிக்கும். “ஒரு ராத்திரிதானே அக்கா” என்பார்கள். நான் ஏணியின் கீழேயே நின்றுவிடுவேன். தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பித்தால் கிடைக்கிறது, இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டு மீட்டரிலிருந்து எடுத்து எல்லோரும் காசு பங்கிட்டுக்கொள்ளலாம். எல்.இ.டி. வந்தபிறகு அந்தக் காசு அவ்வளவு ஒன்றும் ஆவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு இயேசு பிறந்த குடில் வைப்பதைப் பற்றிச் சித்தியிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று மிகவும் பிடிக்கும். டிசம்பர் பதினைந்து வாக்கில் தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைப்பார். கிறிஸ்துமஸ் இரவுக்கு அது விரல் உயரப் பச்சைப் புல்வெளியாக நிற்கும். மழை ஈரத்தில் தண்ணீர் தெளிக்கவே தேவையிருக்காது. ஆனால் இரண்டு நாளாவது வெளிச்சம் படவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும். குடிலுக்குப் பொம்மை வாங்குபவர்கள் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகளைப் பாருங்கள். அந்தக் கைவேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. எடை குறைவு, விழுந்தாலும் எளிதில் உடையாது, நனையக் கூடாது. மழைச்சாரல் வரும் திண்ணையில் குடில் வைப்பவர்கள் சுடுமண் பொம்மைக்குப் போய்விடுவது நல்லது.

2004-இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு காலை, கடல் தேவனாம்பட்டினத்துக்குள் வந்தது. முந்திய இரவு அங்கே சில வீடுகளுக்கு அப்பாவின் செட்டில் இருந்து சரம் கொடுத்திருந்தோம். அவற்றைத் திரும்பக் கேட்டுப் போகவில்லை. யார் போவார்கள். அதன்பின் ஒவ்வொரு டிசம்பர் 26-ஆம் தேதியும் கரையோர மக்கள் கடலில் பால் ஊற்றிப் பூ விடுகிறார்கள். எங்கள் தெருவில் அன்றிரவு நட்சத்திரம் ஏற்றுவதில்லை. யாரும் கூடிப் பேசித் தீர்மானித்ததில்லை. முதல் வருடம் சித்தி ஏற்றவில்லை, நாங்களும் ஏற்றவில்லை, அப்படியே நின்றுவிட்டது. வெளியூரிலிருந்து புதிதாகக் குடிவருபவர்கள் அன்று தெரு இருண்டிருப்பதைப் பார்த்துக் கேட்பார்கள். சொன்னதும் அவர்களும் அணைத்துவிடுவார்கள்.

2011 டிசம்பர் 30 விடிகாலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக மடிந்து கிடந்தன. டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குச் சித்தி வீட்டார் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்து போனார்கள். திரும்பி வரும்போது தெருவில் வழி தெரிய வேண்டுமே என்று அம்மா பரணில் இருந்த கார்த்திகை அகல்களை எடுத்து வாசலுக்கு ஒன்றாக வைத்தார். நாங்களும் கை கொடுத்தோம். பல நாட்கள் மின்சாரம் வரவில்லை. அந்தப் புத்தாண்டில் எங்கள் தெருவில் எரிந்தது மொத்தம் முப்பது அகல். அதிலிருந்து நான் கார்த்திகை முடிந்ததும் அகல்களைக் கழுவிக் கட்டி உள்ளே போட்டுவிடுவதில்லை. திரி, எண்ணெய், தீப்பெட்டி எல்லாம் ஒரு டப்பாவில் பொங்கல் வரை கையெட்டும் தூரத்தில் இருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் ஆற்றோரப் பகுதிகளில் ஏறியது. மின்சாரம் போன இரவுகளில் அந்த டப்பாதான் உதவிற்று. புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் செய்ய வேண்டியது வெளிச் சரங்களையும் நட்சத்திரத்தையும் இறக்குவது. காற்று எழுந்தபிறகு ஏணியில் ஏறக் கூடாது.

இனி விளக்கு பார்க்கப் போவது. கடலூரிலிருந்து புதுச்சேரி 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆல்பேட்டைப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ் போகும். டிசம்பர் மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்த வழியே ஒரு காட்சிதான். ஒரு வீட்டில் நட்சத்திரம், அடுத்ததில் ஐயப்ப பூஜைக்குக் கட்டிய சரம், அதற்கு அடுத்ததில் மார்கழிக் கோலத்துக்கு மேலே ஒற்றை அகல். நான் பஸ் நிலையம் வரை போவதில்லை. முதலியார்பேட்டை தாண்டியதும் இறங்கி, ரயில் நிலையப் பக்கமாக நடக்கிறேன்.

முதலில் சுப்பையா சாலையில் இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907-இல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயம், 2011-இல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி பெற்றது. இதன் கண்ணாடி ஓவியங்களைப் பகலில் உள்ளே நின்று பார்ப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். இரவில் உள்ளே திருப்பலி நடக்கும்போது வெளியே பக்கவாட்டில் நின்று பாருங்கள். உள்ளிருந்து வெளிச்சம் வந்து புனிதர்களின் நீலமும் சிவப்பும் இருட்டில் எரியும். முகப்பில் கட்டியிருக்கும் ஆயிரம் சரங்களை விட நான் அந்த ஜன்னல்களுக்காகத்தான் போகிறேன். அங்கிருந்து மிஷன் வீதியில் வடக்கே நடந்தால் ஜென்மராக்கினி மாதா ஆலயம். ஊரார் வாயில் அது சம்பா கோயில். இப்போதுள்ள கட்டடம் 1791-இல் முடிந்தது. பிறகு கிழக்கே திரும்பிப் பெரிய வாய்க்காலைத் தாண்டினால் துமாஸ் வீதியில் கப்ஸ் கோயில், 1855-இல் கட்டியது. அங்கே பிரெஞ்சு மொழியிலும் திருப்பலி உண்டு. அதன் முன் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை இருக்கும் தோட்டத்தைக் கடந்தால் கடற்கரைச் சாலை. தினமும் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அதில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கலாம்.

எந்த நாளில் போவது என்பது பலர் தவறும் இடம். டிசம்பர் 24 இரவு திருப்பலிக்கு வருபவர்களின் இரவு, வேடிக்கை பார்க்கும் நம்மால் அவர்களுக்கு இடைஞ்சல் கூடாது. 24-ஆம் தேதிக்கு முன்னால் போனால் குடிலில் தொட்டில் காலியாக இருக்கும், குழந்தை இயேசுவை அந்த இரவில்தான் வைப்பார்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை அலங்காரம் நிற்கும். ஆகவே 27-இலிருந்து 30-க்குள் ஒரு மாலை, அல்லது ஜனவரி 2-க்குப் பிறகு. சாயந்திரம் ஐந்தே முக்காலுக்கு இறங்கிவிடுங்கள். டிசம்பர் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்கிறது. அடுத்த அரை மணி நேரம் வானம் கருநீலமாக இருக்கும். போட்டோ எடுப்பதற்கு அந்த அரை மணி நேரம்தான். முழு இருட்டில் எடுத்தால் விளக்கு மட்டும் தெரியும், கோபுரம் காணாமல் போகும். போன் திரையில் விளக்கின் மேலேயே விரலை வைத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 31 இரவு போகாதீர்கள் என்றே சொல்வேன். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டிகள் வந்து குவிகின்றன. கடற்கரையோரப் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்குள் வாகனங்களை விடுவதில்லை, தொலைவில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். குடித்தவர்கள் ஓட்டும் வண்டிகளுக்கு நடுவே இரவு ஒரு மணிக்குக் கடலூர்ச் சாலையில் திரும்பி வருவது விளக்கு பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடாகாது. போய்த்தான் தீர வேண்டும் என்பவர்கள் அங்கேயே யாராவது உறவினர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வாருங்கள்.

அம்மாவுக்கு 80 வயதானபோது முழங்கால் வலியோடு பார்க்க வேண்டும் என்றார். ஓர் ஆட்டோவை மூன்று மணி நேரத்துக்குப் பேசிக்கொண்டோம். மூன்று ஆலயங்கள் மட்டும், ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து இளைப்பாற இருபது நிமிடம், கடைசியாகக் கடற்கரைச் சாலைக் கல் இருக்கையில் அரை மணி நேரம். முதியவர்களைக் கூட்டிப்போவோர் கழிப்பறை எங்கே என்பதை முதலில் விசாரித்துவைத்துக்கொள்ளுங்கள். செருப்பு போதும், ஷூ நனைந்தால் உலராது. குடை ஆளுக்கு ஒன்று வேண்டாம், கூட்டத்தில் கண்ணைக் குத்தும். மழைக்கோட்டு நல்லது. மழை பெய்து தண்ணீர் தேங்கிய தெருவில், மேலே சரம் கட்டியிருந்தால், அந்தத் தெருவைச் சுற்றிப் போங்கள். அலங்கார வளைவின் கம்பங்களையும் இரும்புத் தடுப்புகளையும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்க விடாதீர்கள். என் தம்பி மகனுக்கு இப்போது 27 வயது. அவன் இன்றும் எந்த அலங்கார வளைவின் கீழும் கைகளை மார்போடு கட்டிக்கொண்டுதான் நடக்கிறான்.

எங்கள் பருவம் மாசி மகத்தில் முடியும். தேவனாம்பட்டினத்துக்கும் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கும் சுற்றுவட்டாரத்து சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். வைத்திக்குப்பத்துக்கு மயிலம் முருகனும் வருவார். தீர்த்தவாரி பகலில்தான். ஆனால் திரும்பிப் போகும் சுவாமிகளுக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி உறுமிக்கொண்டு, பல்புச் சட்டங்கள் அசைய, வயல்களுக்கு நடுவே வெளிச்சம் நகர்ந்து போவதை இரவில் ஏதாவது கிராமச் சாலை ஓரத்தில் நின்று பாருங்கள். அந்த நேரத்தில் வானத்தில் மேகம் இருக்காது. அப்பா வேலையாட்களிடம் மழையைச் சொல்லாத ஒரே வேலை அதுதான்.

சரங்களை இறக்கியதும் அப்படியே பையில் திணித்துவிடக் கூடாது. பொங்கல் வெயிலில் இரண்டு நாள் கொடியில் போட்டு உலர்த்தி, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, மறுபடி உலர்த்த வேண்டும். கடலோர ஊரில் மழையை விட உப்புதான் வயரைத் தின்னும். உலர்ந்ததும் அட்டையில் முறுக்கில்லாமல் சுற்றி, பழைய வேட்டித் துணியில் பொதிந்து, மேலே ஒரு சீட்டு ஒட்டுவேன். எந்த நிறம், எத்தனை முழம், என்ன பழுது என்று அதில் இருக்கும். அப்பா 2016-இல் போய்விட்டார். அவர் கையெழுத்துச் சீட்டுகள் இரண்டு இன்னும் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றில் ‘பச்சை, 12 முழம், தேருக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிறது. போன ஜனவரியில் என் மகள் அதற்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தது: ‘நீலம், 8 முழம், நடுவில் இரண்டு எரியவில்லை, மழைக்கு முன் பார்க்கவும்.’